இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு

வேதத்தில் பிழை இருக்கிறதா இல்லையா என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். என் வீட்டுக்காரருக்கு இந்த வயதிலும் அந்தப் பேச்சு கற்கண்டு. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட மாஸ்டர்மார் நாலு பேர் கூடிவிட்டால் போதும், எந்தச் சுவிசேஷத்தில் எது முந்தி எது பிந்தி என்று ஆரம்பித்துவிடுவார்கள். தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு வரவேண்டும். கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவேன். "மிஸிஸுக்கு இதுலயெல்லாம் அக்கறை இல்ல போல" என்று அவர்களில் ஒருவர் போனமாதம் சொன்னார். அக்கறை இல்லையாம். அந்தப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மூன்று தரம் வாய்விட்டு வாசித்தவள் நான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தராவது ஒரு தரம் வாசித்திருப்பாரா என்பது சந்தேகம்.

நான் வாசித்தது அப்பாவுக்காக. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடிகளைக் கத்தியால் மட்டமாக வெட்டி, புதுக் கொழுந்து வர வழிசெய்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் அந்தக் கத்தி, ஏழாவது நாள் ஜெபவீடு. போதகர் பதுளையிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது அப்பாதான். அவருக்கு ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அது தோட்டத்துக்கே தெரியும், யாரும் அதைக் குறையாக எடுக்கவில்லை. ஒரு தரம் காதில் விழுந்தால் அவருக்கு மறக்காது. ஆராதனை முறை முழுவதும், பாட்டுகள் முழுவதும், ஞானஸ்நானம், அடக்கம், கலியாண ஓலை எல்லாம் அவர் வாயில் இருந்தன.

ஆனால் வேதம் முழுவதையும் அவர் கேட்டதில்லை. ஜெபவீட்டில் வாசிக்கிற பகுதிகளைத்தான் கேட்டிருந்தார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து ரொட்டி தட்டத் தொடங்குவாள். லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் கோணிச்சாக்கை விரித்து அப்பா கால் நீட்டி உட்காருவார். பக்கத்தில் குப்பி லாம்பு, அதன் பக்கத்தில் நான். இரண்டு அதிகாரம் வாசித்து முடித்தால்தான் சாப்பாடு. அவர் போட்ட சட்டம் அது. எந்தப் புத்தகம் என்பதும் அவர் இஷ்டம், வரிசை கிடையாது. எனக்குப் பத்து வயது. உள்ளே ரொட்டி வேகிற வாசம், வெளியே லேவியராகமம். அந்தச் சித்திரவதையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகா பிடிவாதக்காரர். வேதத்தில் ஒரு புள்ளி பிழை கிடையாது என்பார். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. வழக்கு எங்கே வந்ததென்றால், ஒரு நாள் அப்போஸ்தலர் நடபடிகளில் கர்த்தரைக் காட்டிக்கொடுத்த சீஷனின் சாவு வந்தது. அவன் தலைகீழாக விழுந்தான், வயிறு வெடித்தது, குடல் சரிந்தது என்று இருந்தது. இருந்ததை வாசித்தேன்.

"நிறுத்து" என்றார் அப்பா. "அவன் நாண்டுக்கிட்டுல செத்தான். சுவிசேஷத்துல அப்படித்தானே வாசிச்ச. ஒழுங்கா வாசி."

மறுபடி வாசித்தேன். குடல் மறுபடியும் சரிந்தது.

"பாப்பா, எழுத்தப் பாத்து வாசி. வாய்க்கு வந்தத வாசிக்காத."

நாலு தரமோ ஐந்து தரமோ வாசித்திருப்பேன். அழுகை வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அவன் தூக்குல செத்தா என்னா, விழுந்து செத்தா என்னா, செத்துட்டான்ல. ரொட்டி ஆறுது" என்றாள். அப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைக்குக் கண் சொக்குகிறது, நாளைக்கு வாசிக்கட்டும் என்று புத்தகத்தை மூடச் சொன்னார்.

மறுநாள் அதே இடம். நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டே, அவன் நாண்டுகொண்டு செத்தான் என்று வாசித்தேன். "அதான பாத்தேன்" என்றார் அப்பா. பத்து நிமிடத்தில் என் கையில் ரொட்டி இருந்தது.

அன்றைக்குப் பிறகு எனக்குச் சுலபமாகிவிட்டது. எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வேன். எரிகோவில் ஓர் இடத்தில் இரண்டு குருடர், மற்ற இடங்களில் ஒரு குருடன். நான் எல்லா இடத்திலும் ஒருவனாக்கினேன். மூன்றே மாதம் ஆண்ட ஒரு ராஜா, ஓர் இடத்தில் பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வருகிறான், இன்னோர் இடத்தில் எட்டு வயதில். அவனுக்குப் பத்து வயது கூட்டிவிட்டேன். கல்லறையில் எத்தனை தூதர்கள், சேவல் எத்தனை தரம் கூவியது, எல்லாவற்றையும் ஒரு நேருக்குக் கொண்டுவந்தேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பசி ஒன்றுதான் தோன்றியது. பெரியவளாகி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக ஆரம்பித்த பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் வாசித்தபோது பழகிய வாய் தானாகத் திருத்திக்கொண்டது. அப்பாவோ அதையெல்லாம் அப்படியே மனதில் ஏற்றி, ஞாயிறு தோறும் பிரசங்கம் செய்தார். நன்றாகவும் செய்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் கேட்க வந்தார்கள்.

எனக்கு இருபத்தொரு வயதில் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாஸ்டர் வந்தார். தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்து படித்து வந்தவர். ஜெபவீட்டில் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, என் தாய்மாமன் மூலமாகப் பெண் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும், ரொம்பவே பிடித்திருந்தது. என்னிடம் "நீங்க" என்று பேசிய முதல் ஆம்பிளை அவர்தான். பரிசம் போட்டார்கள். மாதாந்த ஆராதனைக்கு வந்த போதகர் முதல் ஓலையை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது, யாருக்காவது தடை இருந்தால் சொல்லவேண்டும் என்று மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பதுதான் ஓலை. மூன்றும் முடிந்தால்தான் தாலி. மிச்சம் இரண்டையும் அப்பாவே சொல்லட்டும் என்று போதகர் உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் மாஸ்டர் எங்கள் காம்பராவுக்குச் சாப்பிட வந்தார். மாவுக்குத் தட்டுப்பாடான காலம். அம்மா எங்கேயோ அலைந்து கோழி பிடித்துச் சமைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். அப்பா வழக்கம்போல, வேதத்தில் ஒரு புள்ளி பிழை கிடையாது என்றார். மாஸ்டர் கை கழுவிக்கொண்டே, "ஒண்ணு ரெண்டு இருக்குங்க மாமா" என்றார்.

அவ்வளவுதான். அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் எங்கள் இஸ்தோப்பில் ஆஜர். கையில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் வேதத்தில் ஒன்றோடு ஒன்று இடிக்கிற இடங்களைக் கோடு போட்டு எழுதிவைத்திருந்தார். கலியாணம் செய்யப்போகிற ஆள் வைத்திருக்கிற கொப்பியா அது. கலியாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், அரிசிக்கு எங்கே போவது என்று பேசவேண்டிய நேரத்தில், எரிகோவில் எத்தனை குருடர் என்று இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். "ரெண்டு பேருன்னு எழுதியிருக்குங்க மாமா" என்பார் இவர். "ஒருத்தன்தான் மாப்ள. பாப்பா, நீ சொல்லு, ஒருத்தன்தானே?" என்பார் அவர். அடுப்பில் பால் பொங்குகிறது என்று நான் உள்ளே ஓடுவேன். எங்கள் வீட்டில் எங்கே பால்?

"ரெண்டு குருடனுக்கும் பார்வ வந்திருச்சு. இவங்க ரெண்டு பேருக்கும் எப்ப வருமோ" என்றாள் அம்மா.

எனக்கு இருந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இருவர் மேலும் எரிச்சல். வெள்ளிக்கிழமை, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் மாஸ்டரைத் தனியாகப் பிடித்தேன்.

"அந்தப் பேச்ச விட்டுருங்க" என்றேன்.

"ஏன்? உள்ளதத்தானே சொல்றேன்."

"அப்பாவுக்கு அது தாங்காது."

"மாமா அறிவாளிங்க. எடுத்துக்காட்டினா ஒத்துக்குவாரு. அவருக்கு யாரும் சரியா வாசிச்சுக் காட்டல, அதான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாசித்துக் காட்டியவள் நான்தான், மாற்றி வாசித்தேன் என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. இவர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்கிற பயம் ஒரு பக்கம். கெஞ்சிக் கேட்டும் விடமாட்டேன் என்கிறாரே என்ற கோபம் ஒரு பக்கம். "உங்க இஷ்டம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. ஜெபவீடு நிறைந்திருந்தது. ஆராதனை பாதியில் அப்பா ஓலை சொல்ல எழுந்தார். மாப்பிள்ளை பெயர், தோட்டம், தகப்பன் பெயர், என் பெயர் எல்லாம் பிசகில்லாமல் சொன்னார். "இவங்களுக்குள்ள விவாகம் நடக்கக் கூடாதுன்னு தடை யாருக்காவது இருந்தா இப்ப சொல்லணும்" என்றும் சொன்னார்.

"எனக்கு இருக்கு" என்றார் அவரே.

இந்த அநியாயத்தை எங்காவது கேட்டிருக்கிறீர்களா? ஓலை சொல்கிற ஆளே, பெண்ணைப் பெற்ற தகப்பனே, தன் வாயால் கேட்டுவிட்டுத் தன் வாயாலேயே தடை சொல்கிறார். பெண்கள் பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்தாள். சபையில் சொன்ன தடை சபையில்தான் தீரவேண்டும். தீராவிட்டால் போதகர் கலியாணத்தை நடத்தமாட்டார். அப்பா வீம்புக்குப் பேசுகிறவர் அல்ல. என் கலியாணம் அந்த நிமிடத்தில் நின்றுபோயிருந்தது.

"வேதத்துல பொய் இருக்குன்னு சொல்ற ஆளுக்குப் பொண்ணு குடுக்க எனக்கு மனசில்ல" என்றார் அப்பா.

மாஸ்டர் எழுந்தார். "பொய்னு சொல்லலைங்க மாமா. பிழைன்னுதான் சொன்னேன்."

"எங்க இருக்கு, வாசிங்க."

அவராவது, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாதா? விறுவிறுவென்று முன்னால் போனார். மேசையில் இருந்த வேதப்புத்தகத்தைப் புரட்டி, காட்டிக்கொடுத்தவன் விழுந்து வயிறு வெடித்த வசனத்தை, வகுப்பில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

அப்பா சிரித்துவிட்டார். சபையைப் பார்த்து, "சின்ன வயசுல என் மகளும் இந்த எடத்துல இப்படித்தான் தடுமாறுச்சு. தூக்கக் கலக்கம். மறுநாள் சரியா வாசிச்சுருச்சு" என்றார். ஆட்களும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, இங்க வா. மாப்பிள்ளைக்கு ஒழுங்கா வாசிச்சுக் காட்டு."

எழுந்து போனேன். மாஸ்டர் புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பி, வசனத்தின் மேல் விரலை வைத்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. காரியம் முடிந்தது என்று நினைத்திருப்பார். அப்பா மற்றப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், நான் வாசிக்கும்போது எப்போதும் அப்படித்தான் நிற்பார். அப்பாவுக்குத் தெரிந்தபடி வாசித்தால் இந்த மனிதர் என்னைப் பொய்க்காரி என்று விட்டுவிட்டுப் போவார். உள்ளபடி வாசித்தால் அப்பாவுக்கு நான் பத்து வருடமாகப் பொய்க்காரி. இரண்டு பேரில் ஒருவராவது வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டாம். அப்படியொரு அலுப்பு எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. துணிச்சலால் அல்ல, உண்மை மேல் உள்ள பக்தியாலும் அல்ல, அந்த அலுப்பில்தான் உள்ளபடி வாசித்தேன்.

குடல் சரிந்தது வரைக்கும் வாசித்து நிறுத்தினேன். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"திரும்ப வாசி" என்றார்.

வாசித்தேன்.

"அன்னைக்கு மொதல்ல இப்படித்தான் வாசிச்ச."

"ஆமாப்பா."

"அப்புறம் மாத்தி வாசிச்ச."

"ஆமாப்பா."

"பாத்தீங்களா மாமா, நான் அப்பவே" என்று தொடங்கினார் மாஸ்டர். "நீங்க சும்மா இருங்க" என்றேன். சபைக்கு முன்னால், கட்டிக்கொள்ளப்போகிற ஆளைப் பார்த்து, ஒரு பெண் அப்படிப் பேசுவது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு மூடியதை முந்திய ஞாயிறு மூடியிருக்கலாம்.

அப்பா கண்ணைத் திறந்தார். பிறகு சபையைப் பார்த்து, "என் தடைய நான் எடுத்துக்கிட்டேன்" என்றார். தடை வேறு யாருக்கும் உண்டா என்று முறைப்படி இன்னொரு தரம் கேட்டார். யாரும் பேசவில்லை. அன்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு பாட்டோடு ஆராதனையை முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு, "இன்னும் எத்தன எடத்துல?" என்று கேட்டார்.

எண்ணிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "நெறைய எடத்துலப்பா" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஓர் அறை கொடுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் கோணிச்சாக்கை எடுத்துவந்து இஸ்தோப்பில் விரித்தார். "மொதல்ல இருந்து வாசி. உள்ளத உள்ளபடி வாசி" என்றார்.

பட்டப்பகலில், ஆதியாகமம் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கினேன். முதல் அதிகாரத்தில் மிருகங்களைப் படைத்த பிறகு மனுஷன் வருகிறான். இரண்டாம் அதிகாரத்தில் மனுஷன் முதலில், மிருகங்கள் பிறகு. இரண்டாவது அதிகாரத்திலேயேவா என்று எனக்கு அந்தப் புத்தகத்தின் மேலேயே கோபம் வந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கவனித்தார் என்பது அவர் நெற்றியில் தெரிந்தது. ஒழுங்கா வாசி என்று சொல்லமாட்டாரா என்று காத்துக்கொண்டிருந்தேன். "ம். மேல வாசி" என்றார்.

கலியாணம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் வாசித்தோம். எங்கேயும் அவர் நிறுத்தவில்லை, ஒரு கேள்வியும் போடவில்லை. வாசித்தேன், கேட்டார், அவ்வளவுதான். எகிப்துக்கு விற்கப்பட்ட தம்பியின் கதையோடு ஆதியாகமம் முடிந்தது. மூன்றாவது ஓலையைத் தடையில்லாமல் சொன்னார். போதகர் வந்து தாலி எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நாளில் இவருக்குக் கொஸ்லந்தப் பக்கம் மாற்றம் வந்தது, நானும் போய்விட்டேன்.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு வந்தோம். ஜெபவீட்டில் கடதாசிப் பூ கட்டியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் வந்திருந்தார்கள். மாட்டுத் தொழுவம், மேய்ப்பர்கள், நட்சத்திரம் எல்லாம் அப்பாவின் வாயிலிருந்து கேட்கத்தான் வருவார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். அப்பா எழுந்தார். சகோதரர்கள் குழியில் போட்டு, எகிப்துக்குப் போகிறவர்களிடம் விற்றுவிட்ட தம்பியின் கதையை எடுத்தார். தம்பி பெரிய ஆளாகித் தகப்பனை அழைத்துக்கொள்வது வரைக்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளை பிறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்பிளைகள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

திரும்பி லயத்துக்கு நடக்கும்போது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கிறிஸ்மஸ் அன்னைக்குமா அந்தக் கத? நாலஞ்சு மாசமா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஆதியாகமந்தானே சொல்றீங்க. சுவிசேஷம் மறந்து போச்சா?"

"மறக்கல" என்றார் அப்பா. "அதுவரைக்கும்தானே பாப்பா வாசிச்சிருக்கு."